நூறாவது புறா

பன்னாட்டு விளையாட்டு விழாவின் தொடக்கத்தில் சமாதானத்துக்காகப் பறக்கவிட்ட நூறு வெண்புறாக்களில் தொண்ணூற்றொன்பது, கைதட்டல் ஓய்வதற்குள் புறாக்காரர் மஸ்தான் வீட்டு மொட்டைமாடிக்குக் கிளம்பிவிட்டன. வாடகைப் புறாக்கள், வீடு தெரியும். நூறாவதை மட்டும் விழாத் தலைவர் தம் உரை முடியும்வரை கைக்குள் இறுக்கிப் பிடித்திருந்தார். சிறகு மரத்துப்போன அது தள்ளாடிப் பறந்து, சுடர் ஏற்றவிருந்த பெரிய கொப்பரையின் விளிம்பில் போய் உட்கார்ந்துகொண்டது. தீப்பந்தம் ஏந்திய பழைய ஓட்டக்காரர் அதை நோக்கிப் படியேறிக்கொண்டிருந்தார்.

“சார், ரெண்டே நிமிசம் நிறுத்தச் சொல்லுங்க சார். வாயில ஊட்டி வளத்த குஞ்சு சார் அது,” என்றார் மஸ்தான்.

“நூத்திப் பத்து நாட்டுல லைவ் போயிட்டிருக்குய்யா. சமாதானத்த பாதில நிறுத்த முடியுமா?” என்றார் விழா அதிகாரி.

மஸ்தான் இடுப்பிலிருந்த தீனி டப்பாவை எடுத்துக் குலுக்கினார். வாத்திய முழக்கத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. புறா மட்டும் தலையைச் சாய்த்தது.

கடைசிப் படியில் ஓட்டக்காரர் நின்றார். புறாவைப் பார்த்தார். கீழே டப்பாவோடு நின்ற மனிதரையும் பார்த்தார். பிறகு பந்தத்தை உயர்த்திப் பிடித்தபடியே குனிந்து, அவிழாத ஷூ லேஸை அவிழ்த்து, ஒற்றைக் கையால் நிதானமாகக் கட்ட ஆரம்பித்தார்.