வீட்டு ஆள் இருக்கை

விமானத்துக்கு ஹைட்ராலிக் ஆயில் ஊற்றிய மெக்கானிக்கின் வீட்டு ஆள் ஒருவர், அது அடுத்துப் பறக்கும்போது உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டும். இந்தச் சட்டம் வந்ததிலிருந்து என் தம்பி தணிகைவேல் வேலையில் தப்பே செய்ததில்லை. எப்போதும் போவது அவன் பெண்டாட்டி நிவேதாதான். "ஊதா ஆயில்தான், டப்பாவைப் பார்த்துத்தான் ஊத்தினேன்" என்று வாசல்வரை வந்து சொல்லி அனுப்புவான். மறந்து சிவப்பை ஊற்றிவிட்டால் ரப்பர் சீலெல்லாம் கெட்டுவிடும், இறங்கும்போது பிரேக் பிடிக்காது.

இன்றைக்கு, "அக்கா, நீ போயிட்டு வாயேன். நிவிக்குத் தலைவலி" என்றான்.

கல்யாணமாகாமல் அவன் வீட்டோடு இருக்கும் எனக்கு இதுதான் முதல் விமானம். பட்டுப்புடவை வேறு கட்டிக்கொண்டேன், பைத்தியக்காரி.

வாசலில் அவன் ஆயிலைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை.

"ஊதாதானேடா?"

"ஊதாதான்க்கா" என்றான், என் செருப்பைப் பார்த்துக்கொண்டு. உள்ளே நிவேதா யாரிடமோ போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

விமானத்தின் கதவருகே நின்று, ஏறமாட்டேன் என்றேன். வீட்டு ஆள் மறுத்தால் ஆயிலைச் சோதிக்காமல் கிளம்பக் கூடாது. பயணிகள் என்னைத் திட்டித் தீர்த்தார்கள். சோதித்தவர் திரும்பி வந்தார்.

"சுத்தமான ஊதாம்மா. உங்க தம்பி சரியாத்தான் செஞ்சிருக்கார். ஏறுங்க."

ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டேன். தம்பி தப்புச் செய்யவில்லை. அவனுக்கு வந்தது வெறும் சந்தேகம். அந்தச் சந்தேகத்துக்கு நான் போதும் என்று நினைத்திருக்கிறான்.