ஆமை என்ன கல்?

"ரோடு பூரா மரத்த வெட்டிப் போட்டுக்கினு, ஒதுக்கீடு குடுன்றானுங்க. நம்ம கடையில அதெல்லாம் கெடையாது தம்பி. தகுதி இருந்தா வேலை" என்றார் கல் வியாபாரி ராஜாங்கம்.

வெட்டிப் போட்ட மரங்களைத் தாண்டித் தாண்டி, வடக்கனந்தலிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு நடந்தே வந்திருந்த அன்புச்செல்வன் தலையாட்டினான். இந்த வேலைக்காகவே ஆறு மாதம் மாலை வகுப்பில் கல் பார்க்கப் படித்திருந்தான்.

"சாயங்காலத்துல படிச்ச படிப்பா? பாக்கலாம். இன்னா கல்லுன்னு சீட்டுல எழுதி, அதது அடியில ஒட்டு."

மேசைமேல் கட்டைவிரல் உயரத்தில் மூன்று பொம்மைகள். கன்னத்தில் வைத்ததும் முயல் சில்லென்றது, ஸ்படிகம். நகம் பட்டதும் யானையில் கோடு விழுந்தது, மாக்கல். ஆமைதான் படுத்தியது. பச்சைக்கல் என்று எழுதப் போனவன், லென்சில் குமிழி மாதிரி ஏதோ தெரியவும், 'கண்ணாடி' என்று எழுதினான். மனசு கேட்கவில்லை. பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டு ஒட்டினான்.

"ஆச்சா? ஓரமா நில்லு. அடுத்த ஆளு வாப்பா!"

உள்ளே வந்தவன் லென்சைத் தொடவே இல்லை. பொம்மைகளை ஒவ்வொன்றாகத் தலைகீழாகத் திருப்பி, அடியைப் பார்த்தான்.

"முயல் ஸ்படிகம், மாமா. யானை மாக்கல். ஆமை..." கொஞ்சம் தயங்கினான். "கண்ணாடி, கேள்விக்குறி."

ராஜாங்கம் பெருமையோடு அன்புச்செல்வன் பக்கம் திரும்பினார்.

"எங்க அக்கா மவன்றதுக்காவ சொல்லல தம்பி. இதுக்குப் பேருதான் தகுதி!"