பிஜ்லியின் பின்னங்கால்

“உம் புள்ளைய உதைச்சுக் கொன்ன குதிரைம்மா அது. அதுக்குப் போயி கொள்ளு ஊட்டிகினு கீற.”

ராஜசேகர் யூனிஃபார்மைக்கூடக் கழற்றவில்லை. ஒரகடத்தில் நைட் ஷிஃப்ட் முடித்து, கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியவன் நேராக லாயத்துக்குள் நுழைந்திருந்தான். அம்மா சின்னப்பொண்ணு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஊறவைத்த கொள்ளை வாளியில் பிசைந்து, பிஜ்லியின் வாய்க்கு எட்டுகிற மாதிரி நகர்த்தி வைத்தாள்.

வல்லக்கோட்டைக்குப் பக்கத்திலிருந்த அந்தச் சின்னக் குதிரைப் பண்ணை அவனுடைய அண்ணன் ஸ்ரீதர் ஆரம்பித்தது. கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரைகளை வாடகைக்கு விடுவான். ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னையிலிருந்து வருகிறவர்களுக்குச் சவாரி சொல்லிக்கொடுப்பான். ஆடி மாதத்தில் ஒருநாள் இந்த லாயத்திலேயே மண்டை பிளந்து கிடந்தான். பிஜ்லி பின்னங்காலால் விட்ட ஒரே உதை என்றார்கள். ஷிஃப்டில் இருந்த ராஜசேகருக்குப் போன் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அப்பா போன பிறகு அவனுக்கு அண்ணன்தான் அப்பா. ஐ.டி.ஐ. படிக்க வைத்ததும் அவன்தான். குடிப்பான்தான், யார் குடிக்கவில்லை? குடித்தால் கொஞ்சம் சத்தம் போடுவான், அவ்வளவுதான். அப்படிப்பட்டவனைக் கொன்றுவிட்டு, இது மூன்று வேளையும் தின்றுகொண்டு நிற்கிறது.

ஐப்பசி பிறந்து வானம் கருத்துக் கிடந்தது. மழை பிடித்துக்கொள்வதற்குள் லாயத் தரைக்கு மண் கொட்டி மேடாக்க வேண்டும், ஓட்டைத் தகரத்தை மாற்ற வேண்டும், வைக்கோலுக்குத் தார்ப்பாய் போட வேண்டும். வேலை தலைக்கு மேல் இருந்தது. அண்ணி சுபஸ்ரீ விடிந்ததிலிருந்து ஒற்றை ஆளாக மண் சுமந்துகொண்டிருந்தாள். மூன்று குதிரைகளில் அவள் முதலில் மேடாக்கியது பிஜ்லி நிற்கிற இடத்தை. அதைப் பார்த்ததும் ராஜசேகருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“புருசன கொன்னதுக்கு மெத்தை போட்டுத் தரீங்களா அண்ணி?”

சுபஸ்ரீ காலிக் கூடையை எடுத்துக்கொண்டு அடுத்த நடைக்குப் போய்விட்டாள். அண்ணனின் பிணத்துக்கு முன்னால்கூட ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள் அவள். அம்மாவாவது மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். ஆனால் குதிரையை ஒரு வார்த்தை திட்ட வேண்டுமே, இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. விற்றுவிடலாம் என்று அவன் சொல்லும்போதெல்லாம் மாமியாரும் மருமகளும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டார்கள். இந்த முறை அவன் யாரையும் கேட்கவில்லை.

மதியம் புரோக்கர் நரசிம்மன் மினி லாரியோடு வந்து சேர்ந்தார். ஆளைக் கொன்ற குதிரையைச் சவாரிக்கு எவனும் வாங்க மாட்டான் என்றார். ஆந்திரா பக்கம் ஒரு பார்ட்டி இருக்கிறது, ஆனால் அங்கே அதை என்ன பண்ணுவார்கள் என்று மட்டும் தன்னிடம் கேட்கக் கூடாது என்றார். எனக்கு வேண்டியதே அதுதான் என்றான் ராஜசேகர்.

சுபஸ்ரீ கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்து கேட்டை மறித்துக்கொண்டு நின்றாள். மற்ற இரண்டையும் ஓட்டிக்கொண்டு போகட்டும், பண்ணையையே எழுதிக்கொள்ளட்டும், பிஜ்லியை மட்டும் விடமாட்டேன் என்றாள். சின்னப்பொண்ணு போய்க் கேட்டுக்குத் தாழ்ப்பாள் போட்டாள்.

நரசிம்மன் பீடியைப் பற்றவைத்துக்கொண்டார். “இன்னாப்பா இது, ஒரே வூட்ல ஆளுக்கு ஒரு மாரி பேசுறீங்க. கூடிப் பேசிட்டு அப்பால கூப்புட்றது தான? டீசல் இன்னா கொழாத் தண்ணியா?”

வெளியாள் முன்னால் மானம் போனதில் ராஜசேகருக்குக் கண் மண் தெரியவில்லை. லாயத்துக்குள் பாய்ந்து பிஜ்லியின் கயிற்றைப் பிடித்து இழுத்தான். அது காலை ஊன்றிக்கொண்டு நகர மறுத்தது. தொங்கிய கயிற்றின் நுனியை மடக்கி அதன் பின்தொடையில் விளாசினான். பிஜ்லி உடம்பெல்லாம் நடுங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டது.

அவன் வேண்டுமென்றே அதன் பின்னால் போய், காலுக்கு நேராக நின்றான்.

“உதை. எங்கண்ணன உதைச்ச இல்ல? என்னியும் உதைச்சுக் கொல்லு.”

மறுபடி அடித்தான். மறுபடியும். குதிரை தலையைத் தொங்கப்போட்டு வாங்கிக்கொண்டதே தவிர, காலைத் தரையிலிருந்து தூக்கவில்லை.

ஓங்கிய கையைப் பின்னாலிருந்து சின்னப்பொண்ணு பிடித்தாள். கயிற்றைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அவனுக்கும் குதிரைக்கும் நடுவில் வந்து நின்றாள்.

“வுட்டுர்ரா சேகரு. அது வாயில்லாத ஜீவன். இன்னும் எத்தினி நாளைக்கு அது தலையில பழியப் போட்டுகினு கெடக்கறது?”

வாசலில் நின்ற சுபஸ்ரீயின் முகம் வெளிறியது. “அத்தை, வேணாம். சொல்லாதீங்க” என்றாள்.

“அவன் உம் மேல எம்மாம் உசுரு வெச்சிருந்தான்னு எனுக்குத் தெரியும்டா. ஆனா அன்னிக்கு இதே எடத்துல உங்கண்ணி கழுத்த நெரிச்சுகினு இருந்தான். கால்ல வுழுந்தேன், கைய கடிச்சேன், வுடல. அவளுக்குக் கண்ணு ரெண்டும் சொருகிடுச்சு. கீழ கெடந்த சுத்திய எடுத்து அவன் மண்டையில போட்டது, பெத்தவ நான்டா.”