முழங்காலளவு தண்ணீர்

“இன்னிக்கு யாரும் தண்ணியில இறங்க வேணாம் அண்ணே” என்றார் படகுக்காரர் சாஹித்.

லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு ஏணியில் ஒரு காலை வைத்திருந்த ஒன்பது வயது சாந்தினி, திரும்பி அப்பாவைப் பார்த்தாள்.

நல்லமுத்துவுக்குச் சுரீரென்றது.

“என்ன பாய், விளையாடுறியா? திருக்கையோட நீந்தலாம்னு போர்டு வச்சிருக்க. கரையில காசு வாங்குன கைய இங்க வந்து விரிக்கிற?”

“நேத்து ராத்திரி மழை அண்ணே. தண்ணி கலங்கிக் கெடக்கு. தெளிவா இருந்தா மேலாக்க மிதந்துக்கிட்டே பாக்கலாம். இப்ப கால ஊனுனா கீழ என்ன இருக்குன்னு தெரியாது. அது மண்ணுக்குள்ள பதுங்கிக் கெடக்கும். மிதிச்சா முள்ளால அடிச்சிரும். காசத் திருப்பித் தந்துடுறேன்.”

“காசு யாருக்கு வேணும்? அஞ்சு வருஷத்துல இப்பத்தான் கடையச் சாத்திட்டு வந்திருக்கேன். சூலியா தெருவுல ரூம் போட்டு மூணு நாளு. எல்லாம் இதுக்காகத்தான்.”

“கூட்டாளிங்ககிட்டல்லாம் சொல்லிட்டேன்பா” என்றாள் சாந்தினி, அழுகிற மாதிரி.

“விடுங்களேன்” என்றாள் மனைவி பிரமிளா. “தினமும் கடல்ல கெடக்குறவரு சொல்றாரு.”

“திருக்கையப் பத்தி எனக்கு இவன் சொல்லித் தரணுமா?” நல்லமுத்து எழுந்து நின்றதில் படகு ஆடியது. “எங்க ஊரு தாசேக் கெலுகோர்ல வந்து நல்லமுத்து மீன் கடை எதுன்னு கேட்டுப் பாரு. இருபது வருஷமா திருக்கைய அறுத்து வாழையிலையில சுட்டுக் குடுக்கிறேன். இந்தக் கையால எத்தனை ஆயிரம் அறுத்திருப்பேன். ஒரு கீறல் உண்டா? முள்ளாம் முள்ளு. வந்தவன மிரட்டுறதுக்குக் கட்டிவிட்ட கதைலா அது.”

சாஹித் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

“நல்லமுத்து கடையா?”

“ஏன், நீயும் வந்து ஓசியில சாப்பிட்டிருக்கியா?”

சாஹித் எழுந்தார். சாந்தினியைப் படகுக்குள் தூக்கி வைத்துவிட்டு, ஏணியை மேலே இழுத்துக்கொண்டார்.

அவ்வளவுதான். நல்லமுத்து சட்டையைக் கழற்றி வீசிவிட்டுப் படகின் விளிம்பைத் தாண்டிக் கடலில் குதித்தார்.

“பாரு. முழங்கால் தண்ணி. ஆள முழுங்கிருச்சா? சாந்தினி, நீ குதி. அப்பா பிடிச்சுக்கிறேன்.”

சாந்தினி விளிம்பில் ஏறினாள். சாஹித் அவள் ஜாக்கெட்டின் வாரைப் பிடித்துக்கொண்டார்.

“பிள்ளை மேலேருந்து கைய எடு.”

“எடுக்க மாட்டேன் அண்ணே.”

“போலீஸ்ல சொல்லுவேன்.”

“கரைக்குப் போனதும் சொல்லுங்க. இப்ப கால மட்டும் தூக்கித் தூக்கி வைக்காதீங்க. மண்ண உரசிக்கிட்டே இழுத்து இழுத்து வாங்க.”

“எனக்கு நடக்கச் சொல்லித் தர்றியா? நீ பொறக்கு...”

பேச்சு நின்றது.

வலது பாதத்தின் மேல் வழவழவென்று ஏதோ வந்து படிந்திருந்தது. ஈரத் துணிமூட்டை மாதிரி கனம். அது மெல்ல உப்பி, மெல்ல அடங்கியது.

“பாய்” என்றார் நல்லமுத்து. குரல் எங்கேயோ இறங்கியிருந்தது.

“புரியுது. அசையாதீங்க. அதுவாப் போயிரும்.”

“எவ்ளோ நேரங்க ஆகும்?”

“அதுக்குத்தான் தெரியும்.”

பிரமிளா மகளின் முகத்தைத் தன் மடியோடு அழுத்திக்கொண்டாள்.

“இன்னும் போகல பாய். நிக்க முடியல.”

“கீழ பாக்காதீங்க. என் மூஞ்சியப் பாருங்க. கடையில ஒரு பிளேட்டு திருக்கை என்ன வெல?”

“இருபத்... இருபத்தெட்டு வெள்ளி.”

“இருபதுக்குத் தாங்க.”

“முடியாது.”

“இருபத்திரண்டு.”

“கட்டுப்படியாகாதுங்க...”

கனம் சட்டென்று விலகியது. தட்டு மாதிரி ஒரு பழுப்பு உடம்பு தண்ணீரின் மேல்மட்டத்துக்கு எழும்பித் திரும்பியது. அதன் பின்னால் சாட்டையாய் வந்த வால், முழங்காலை ஒட்டி ஒரு நூலிழை இடைவெளியில் கடந்துபோனது. வாலின் நடுவில், விரல் நீளத்துக்கு, இரண்டு பக்கமும் ரம்பப் பல் வைத்த முள்.

சாஹித் ஏணியை இறக்கினார்.

நல்லமுத்து பாதங்களை மண்ணோடு இழுத்து இழுத்து வந்தார். ஏணிக்கு நாலடி தூரம். ஏறி முடிக்க வெகுநேரம் ஆனது. பிரமிளா நீட்டிய துண்டை வாங்கக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தார். சாந்தினி மெதுவாக வந்து அவர் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

“எனக்கு வர்ற மீனெல்லாம் வால் இல்லாம மொட்டையாத்தான் வரும்” என்றார் கடைசியில், யாருக்கோ சொல்வதுபோல. “ஒண்ணுலகூட இந்த முள்ள நான் பாத்ததில்ல.”

சாஹித் நங்கூரக் கயிற்றைச் சுருட்டினார்.

“செத்த பெறகும் அந்த முள்ளுல விஷம் இருக்கும் அண்ணே. அறுக்குறவங்க கையில ஏறிடக் கூடாதேன்னு, பிடிச்ச உடனே வால வெட்டிக் கடல்ல போட்டுட்டுத்தான் பெட்டியில அடுக்குவோம். உங்க கடைக்கு மீனு தர்ற படகுல போன வருஷம் வரைக்கும் நான்தான் இருந்தேன்.”

நல்லமுத்து தலையைத் தூக்கினார்.

“வாலத் திருடி, தாயத்து கட்டுற பொமோ மந்திரவாதிக்கு விக்கிறேன்னு மாசாமாசம் போன்ல நீங்க திட்டுனது என்னையத்தான்” என்று சொல்லிவிட்டு, சாஹித் எஞ்சினைக் கிளப்பினார்.