எதிர்மனுதாரர்

பேனா தேடித்தான் லிஃப்ட் மெக்கானிக் மனைவியின் பைக்குள் கையை விட்டார். கையோடு வந்தது நோட்டு.

மாலை வகுப்பு நோட்டு. மகள் ஹாஸ்டலுக்குப் போன மறு மாதமே மனைவி பாராலீகல் பயிற்சியில் சேர்ந்திருந்தாள். வக்கீல் ஆபீசில் மனு எழுத, ஆவணங்களைத் தேதிவாரியாக அடுக்க, நோட்டீஸ் அனுப்பப் படித்த ஆள் வேண்டுமாம். “இந்த வயசுல எதுக்கு?” என்று ஒரு தடவை கேட்டதோடு சரி. பதிலை அவர் காதில் வாங்கவில்லை.

பிரித்த பக்கத்தில் ஒரு மனு இருந்தது. மனுதாரர் என்ற இடத்தில் அவள் பெயர். எதிர்மனுதாரர் என்ற இடத்தில் அவர் பெயர்.

“1. மனுதாரரும் எதிர்மனுதாரரும் பத்தொன்பது ஆண்டுகளாகக் கணவன் மனைவி.

2. கடந்த ஓராண்டாக எதிர்மனுதாரர் மனுதாரரின் கேள்விகளுக்கு ‘ம்’ என்பதைத் தவிர வேறு பதில் சொன்னதில்லை.

3. மே மாதம் மனுதாரருக்கு மூன்று நாள் காய்ச்சல் இருந்தது எதிர்மனுதாரருக்கு இன்றுவரை தெரியாது.”

குளியலறைத் தாழ்ப்பாள் திறக்கும் சத்தம் கேட்டது. அடுத்த பக்கத்தைத் திருப்ப அவருக்கு நேரமில்லை. நோட்டைப் பைக்குள் திணித்துவிட்டு டிவி முன்னால் போய் உட்கார்ந்தார்.

“பேனா தேடினீங்களே, கிடைச்சுதா?” என்றாள்.

“ம்” வாய்வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டார். “கிடைக்கலை. நீயே எடுத்துக் குடேன்.”

மறுநாள் தன்னோடு வேலை பார்ப்பவரிடம் பட்டும் படாமலும் விஷயத்தைச் சொன்னார். மணவிலக்கு மனுதான், சந்தேகமே இல்லை என்று அந்த மனிதர் அடித்துச் சொன்னார்.

அன்றிலிருந்து வீட்டில் டிவி ஊமையானது. மெக்கானிக் வெங்காயம் நறுக்கினார். வகுப்பில் இன்று என்ன பாடம் என்று கேட்டார். முதல் நாள் அவரை ஒரு மாதிரி பார்த்தவள், இரண்டாம் நாள் சொல்ல ஆரம்பித்தாள். நோட்டீஸை அனுப்பினால் மட்டும் போதாதாம். எதிராளி நகல் பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் வேலை சுலபமாம். சொல்லச் சொல்ல அவள் கை தானாக ஆடியது. ஒரு காலத்தில் இவர் செருப்பைக் கழற்றும் முன்பே பேச்சை ஆரம்பித்துவிடுவாள். அந்தப் பேச்சுக்குத் தானும் இத்தனை நாள் ஏங்கிப்போய்க் கிடந்தது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

ஏழாம் நாள் தாங்க முடியவில்லை. நோட்டைப் பார்த்ததை ஒப்புக்கொண்டார்.

“என்னை விட்டுட்டுப் போகப் போறியா?”

அவள் சிரித்தாள். “அதுவா? வகுப்புல குடுத்த வீட்டுப்பாடங்க. கற்பனைப் பேரு எதுவும் தோணலை, நம்ம பேரையே போட்டுட்டேன்.”

போன உயிர் திரும்பி வந்தது. அன்று மாலையே டிவியும் திரும்பி வந்தது. மறுநாள், “சாப்பாடு எப்படி இருக்கு?” என்று அவள் கேட்டதற்கு, “ம்” என்றார்.

அடுத்த வாரம் பயிற்சி மையம் இருக்கும் கட்டடத்திலேயே லிஃப்ட் நின்றுவிட்டது. ஓடினார். இரண்டு மாடிகளுக்கு நடுவே ஒரு அம்மா மாட்டிக்கொண்டிருந்தார். உள்ளிருந்து அழுகுரல் வந்தது.

“பயப்படாதீங்கம்மா. காத்து நல்லா வரும். நான் எங்கேயும் போகலை, இங்கேயேதான் நிக்கறேன். மெதுவா மூச்சு விடுங்க. எங்கே போகக் கிளம்பினீங்க?”

மூன்றாவது மாடியில் பாராலீகல் வகுப்பு எடுக்கிறவர் என்று தெரிந்தது. கை வேலை பார்க்க, வாய் பேசிக்கொண்டே இருந்தது. அந்த அம்மாவின் அழுகை நின்றது. தன் மனைவியும் அந்த வகுப்புதான் என்றார். மணவிலக்கு மனு எழுதச் சொல்லி அந்த அம்மா கொடுத்த வீட்டுப்பாடத்தைப் பார்த்துக் கதிகலங்கிப்போனதையும் சிரித்துக்கொண்டே சொன்னார்.

“மணவிலக்கா?” என்றது கதவுக்கு அந்தப் பக்கத்துக் குரல். “குடும்ப வழக்கே எங்க பாடத்துல இல்லீங்களே. வாடகை, நிலப் பத்திரம், நுகர்வோர் புகார், அவ்வளவுதான்.”

ஸ்பேனர் அப்படியே நின்றது.

ஒருவழியாகக் கதவைத் திறந்து அந்த அம்மாவை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தார். மனைவி கடைக்குப் போயிருந்தாள். பையைத் திறந்து நோட்டை எடுத்தார். எல்லாப் பக்கத்திலும் டீச்சரின் சிவப்பு மை இருந்தது. இந்த மனுவில் மட்டும் ஒரு பொட்டுகூட இல்லை.

இந்தத் தடவை பக்கத்தைத் திருப்பினார்.

“4. லிஃப்ட்டில் மாட்டிக்கொண்ட முன்பின் தெரியாத ஒருவரிடம், கதவு திறக்கும்வரை முக்கால் மணி நேரம் எதிர்மனுதாரர் இதமாகப் பேசியதை மனுதாரர் சென்ற ஆண்டு ஒருமுறை தன் காதால் கேட்டிருக்கிறார்.

வேண்டுதல்: தினமும் அரை மணி நேரம் அதே குரலில் மனுதாரரிடமும் பேசும்படி எதிர்மனுதாரருக்கு உத்தரவிட வேண்டும். வேறு எந்தப் பரிகாரமும் கோரவில்லை.”

அடியில், “நகல் பெற்றுக்கொண்டேன், எதிர்மனுதாரர்” என்று எழுதிக் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தாள்.

வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. அவர் நோட்டை மூடவில்லை. பைக்குள் கையை விட்டுப் பேனாவைத் தேடினார்.