வரிசையில் ஓர் இடம்

ஆம்பூர் மதுபானக் கிடங்கில் லாரிச் சரக்கை இறக்குவதில் ஞானதாஸ் குழுவை மிஞ்ச ஆளில்லை. ஒரு பாட்டில்கூட உடையாது. அவர்கள் வேலையைப் பார்க்கப் புதிய சூப்பர்வைசர் அம்பிகா வந்தாள். வரிசையாக நின்று பீர் பெட்டிகளைக் கைமாற்றினார்கள். நடுவில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடைவெளி இருந்தது. அதைத் தாண்டியும் பெட்டிகள் நிதானமாகப் போயின. யாரும் எறியவில்லை.

“அங்க ஏன் காலியா விட்டிருக்கீங்க?”

“தானியேல் அண்ணன் இடம், மேடம். போன வருசம் நெஞ்சுவலியில போய்ட்டாரு. வேலைய மட்டும் விடல,” என்றான் ஞானதாஸ், பெருமையாக.

நம்பாமல் அவள் அங்கே போய் நின்றாள். அடுத்த பெட்டி வந்தது. பயந்தபடி கைகளை நீட்டி வாங்கினாள். கனமே இல்லை. அவள் கைகளுக்கு அடியில் வேறு இரண்டு கைகள், சொரசொரப்பாக, வியர்வை ஈரத்தோடு, பெட்டியைத் தாங்கிக்கொண்டிருந்தன.