துணிக்கிளிப்

கயிற்றில் ஒரே ஒரு கிளிப்தான் இருந்தது.

கையுறையைக் கழற்றிவிட்டு விரலால் தடவினேன். ரப்பர் வளையம் தட்டுப்பட்டது. என்னுடைய கிளிப்.

அப்படியென்றால் மச்சான் போய்விட்டான். என்னை விட்டுவிட்டு.

தலையில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. குகையின் கூரையிலிருந்து சரிந்த சேறு தண்ணீரை வெள்ளையடிக்கக் கரைத்த சுண்ணாம்பாக்கிவிட்டது. கண்ணைத் திறந்தாலும் ஒன்று, மூடினாலும் ஒன்று.

சுண்ணாம்புக்கல்லுக்காகச் சுரங்கம் தோண்டியவர்கள், தோண்டிக்கொண்டே போய் ஒரு இயற்கைக் குகையைத் துளைத்துவிட்டார்கள். பிறகு இரண்டையும் தண்ணீர் எடுத்துக்கொண்டது. அந்தக் குகை எதுவரை போகிறது என்று பார்க்கத்தான் நானும் என் மனைவியின் அண்ணனும் இறங்கினோம். யாரும் கூப்பிடவில்லை. கொழுப்பு.

குகையும் சுரங்கமும் சேரும் இந்த இடத்தில் நாங்கள் கட்டிய கயிறு மூன்றாகப் பிரிகிறது. ஒன்று குகைக்குள். ஒன்று வெளியே. மூன்றாவது சுரங்கத்துக்குள் போய் முட்டுச்சுவரில் முடிகிறது.

உள்ளே போகும்போது ஆளுக்கொரு கிளிப்பை இங்கே மாட்டிவிட்டுப் போக வேண்டும். திரும்பும்போது அவரவர் கிளிப்பை அவரவர் எடுத்துக்கொள்ள வேண்டும். இதற்கென்றே கடையில் குறிகள் விற்கிறார்கள். மச்சான் வாங்குவானா? பழைய பம்புசெட் வாங்கி விற்கிறவன், செத்த மோட்டாரைக்கூட எடை குறைகிறது என்று பேரம் பேசுகிறவன். தங்கச்சியின் துணிக்கொடியிலிருந்து இரண்டை உருவிக்கொண்டு வந்தான்.

"கிளிப் இருந்தா ஆள் உள்ள இருக்கான், விட்டுட்டுப் போகக்கூடாது. இல்லன்னா போயிட்டான், தேடக்கூடாது. இதுல மட்டும் பேரம் கிடையாது மாப்ள."

சேறு சரிந்தபோது என் தோளிலிருந்து அவன் கை நழுவியது. அவனைத் தேடித் துழாவியே என் காற்றைத் தின்று தீர்த்தேன். இப்போது இழுக்கிற ஒவ்வொரு மூச்சும் கடன் கொடுக்கிறவனைப் போல யோசித்து யோசித்து வந்தது.

இனி ஒரே வழிதான். இங்கே உபரியாக ஒரு சிலிண்டர் கட்டியிருந்தோம். இரண்டு கட்டலாம் என்று நான் சொன்னேன். "ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல காத்து தீருமா? வாடகை தண்டம்" என்று மச்சான் ஒன்றோடு நிறுத்திவிட்டான். அது ஒரு ஆள் வெளியேறத்தான் காணும். இரண்டு பேர் மாற்றி மாற்றி இழுத்தால் பாதி வழியில் இரண்டு பிணம்.

அதையும் அவன் எடுத்துப் போயிருப்பான். எடுக்காமல் விடுகிற உடம்பா அது? என்னைப்போல் ஒன்றரை மடங்கு. டிக்கெட் ஒன்று, மூச்சு ரெண்டு ஆளுக்கு என்று வீட்டில் எல்லோரும் கேலி செய்வோம். எந்தத் தண்ணீரில் இறங்கினாலும் அவன் காற்றுமானி முள்தான் முதலில் சிவப்புக்கு வரும்.

பாறையைத் துழாவினேன். வெறும் பாறை. மறுபடி துழாவினேன். மூச்சு பாதியில் நின்றது. இழுத்தேன், வரவில்லை.

பிடி தளர்ந்து கை கயிற்றின் மேலேயே விழுந்தது. அங்கே, என் கிளிப்புக்குக் கீழே, உபரி சிலிண்டரின் வாய்முனை கயிற்றில் செருகி இருந்தது. கட்டி வைத்தபோது அது அங்கே இல்லை.

வாயில் வைத்துக் கடித்தேன். சிலிண்டரின் திருகைக்கூட யாரோ திறந்து வைத்திருந்தார்கள். காற்று கொட்டியது.

உயிர் வந்ததும் கோபம் வந்தது. ஆக, அவனிடம் காற்று மிச்சம் இருந்திருக்கிறது. இருந்தும் நிற்கவில்லை. குழாயை எடுத்து வைத்துவிட்டால் கணக்கு நேராகிவிட்டதாம்.

வழி தேடிக் கயிறுகளைத் தடவியபோது ஒன்று விரலடியில் லேசாக அதிர்ந்தது. சுரங்கத்துக்குள் போகிற கயிறு. தேங்கின தண்ணீர், அதில் ஓட்டம் ஏது? என் கைதான் நடுங்குகிறது என்று விட்டுவிட்டேன்.

சிலிண்டரை அவிழ்த்து அணைத்துக்கொண்டு, என் கிளிப்பையும் எடுத்துக்கொண்டு, வெளியே போகிற கயிற்றைப் பிடித்தேன்.

வழி முழுக்க அவனைத் திட்டிக்கொண்டே வந்தேன். வீட்டில் இவளிடம் என்னென்ன சொல்ல வேண்டும் என்று வரிசை போட்டேன். உங்க அண்ணன் செத்த மோட்டாருக்குக் காட்டுற அக்கறைல பாதி எனக்குக் காட்டலடி. இனி அவன் கடைப்பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை.

தலை தண்ணீருக்கு மேலே வந்தபோது சிலிண்டர் கடைசி மூச்சைக் கொடுத்துவிட்டுக் காலியானது.

"டேய் மச்சான், எங்கடா இருக்க?"

சுரங்கம் தொடங்கும் பள்ளத்தின் சுவர்கள் அதையே திருப்பிக் கேட்டன.

மேலே ஏற ஒரே ஒரு படிக்கட்டு. கீழ்ப்படியில் எங்கள் இருவரின் செருப்பும் காலையில் விட்டபடியே கிடந்தன. அந்தப் பள்ளத்துக்குள் வெயில் எட்டாது. ஒரு ஆள் நனைந்து ஏறினால் மாலைவரை ஈரம் நிற்கும்.

படிகள் உலர்ந்திருந்தன. அடியிலிருந்து உச்சிவரை.

சுரங்கக் கயிறு அதிர்ந்த கையை விரித்துப் பார்த்தேன். அப்போதுதான் அது நடுங்க ஆரம்பித்தது.